லோறன்ஸ் ராணியை விட்டுக்கொடுத்த கதை

கிணற்றடியில் பல் விளக்கிக்கொண்டு நின்றபோதுதான் லோறன்ஸ் அந்தத் தீர்மானத்துக்கு வந்தார். இனிமேல் இந்த வீட்டில் தன் சொல்தான் நடக்கும். எல்லாக் காரியத்திலும் அல்ல, அது பேராசை. பிற்பகலில் மட்டும். அதுவும் எல்லாப் பிற்பகலும் வேண்டாம், ஞாயிற்றுக்கிழமையில் மட்டும். சரி, ஒரேயொரு ஞாயிற்றுக்கிழமை. அதற்குக் கீழே ஒரு அங்குலமும் இறங்கிவரமாட்டார்.

"இஞ்சேருங்கோ," என்று குசினிக்குள்ளிருந்து மனைவி ஜெஸ்லியாவின் குரல் வந்தது. "பல்லுத் தேஞ்சுபோகப் போகுது. வந்து தேங்காயைத் துருவித் தாங்கோ."

"வாறன்," என்றார் லோறன்ஸ், வாய் நிறைய நுரையோடு. தேங்காய் துருவுவது காலைக் காரியம். தீர்மானம் பிற்பகலுக்கானது. இரண்டுக்கும் ஒரு சண்டையும் இல்லை.

பேசாலையில் லோறன்ஸைத் தெரியாதவர்கள் குறைவு. கடற்கரை மீன் வாடிகளுக்கு ஐஸ் கொடுக்கும் பக்டரியில் கந்தோர் வேலை. ஐம்பதை எட்டிப் பார்க்கும் வயது. படகுக்காரருக்குத் துண்டு எழுதிக் கொடுத்துவிட்டு, ஐஸ் கட்டிகள் மரப்பலகையில் சறுக்கிப் போவதையே பார்த்துக்கொண்டிருப்பார். வெயிலில் அவற்றிலிருந்து புகை எழும். எங்கேயோ ஒரு பெரிய மூளை யோசித்து யோசித்து ஆவியாகிறது போல அவருக்கு இருக்கும். "லோறன்ஸண்ணை, ஐஸ் உருகுது, இறங்கி வாங்கோ" என்று யாராவது கூப்பிட்டால்தான் மனிதர் பூமிக்கு வருவார்.

வீட்டுக்கு வந்தால் முன்னறை. முன்னறை யன்னலைத் திறந்தால் கடல். யன்னலுக்குக் கீழே மேசை, மேசையில் கொம்பியூட்டர். அதற்குள் செஸ் விளையாடும் புரோகிராம்கள் வரிசையாகக் குடியிருந்தன. லோறன்ஸ் அவற்றோடு விளையாடுவதில்லை. சின்ன வயதில் மண்டபம் அகதி முகாமில் இருந்த காலத்திலேயே ஆட்களோடு விளையாடித் தோற்று, தோற்று விளையாடி, அந்த ஆசை தீர்ந்துவிட்டது. இப்போது அவர் பரீட்சை வைப்பவர். உலகம் முழுவதும் தேடிச் சேர்த்த மிகக் கடினமான நிலைகளை ஒவ்வொன்றாகப் பலகையில் அடுக்குவார். வெல்லுவதற்கு ஒரேயொரு நகர்வுதான் இருக்கும். அதை எந்தப் புரோகிராம் எவ்வளவு விரைவாகக் கண்டுபிடிக்கிறது என்று பார்ப்பார். கண்டுபிடித்துவிட்டுப் பிறகு மனம் மாறினால் அது கணக்கில் வராது. கண்டுபிடித்து, அதிலேயே உறுதியாக நிற்கவேண்டும்.

கலியாணமான புதிதில் ஜெஸ்லியா இதைப் பற்றிக் கேட்டதுண்டு.

"உது இப்ப என்னப்பா செய்யுது?"

"யோசிக்குது."

"நீங்கள்?"

"அது எவ்வளவு நேரம் யோசிக்குதெண்டு பாக்கிறன்."

"அப்ப அதுவும் சும்மா இருக்குது, நீங்களும் சும்மா இருக்கிறீங்கள்."

"சும்மா இல்லையடி. பொறியைச் சோதிக்கிறன்."

"எலிப்பொறியோ? அப்ப குசினிக்க கொண்டுவந்து வையுங்கோ. ரெண்டு எலி நிக்குது."

அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. அவள் தையல்காரி. ஊர் மாதா கோயிலில் முதல் நன்மை எடுக்கும் பெண் பிள்ளைகளின் வெள்ளைச் சட்டைகள் பாதிக்கு மேல் அவள் கையால் பிறந்தவைதான். தையல் மெசின் விறாந்தையில் கிடந்தது. சோளகக் காற்று தொடங்கிவிட்டால் விறாந்தை முழுக்க மண். வெள்ளைத் துணியை விரித்தால் அது கிறவல் றோட்டு நிறத்துக்கு வரும். ஒவ்வொரு வருசமும் அவள், "அந்த முன்னறையை எனக்குத் தந்தால் என்ன?" என்று கேட்பாள். ஒவ்வொரு வருசமும் லோறன்ஸ் கடலைப் பார்த்தபடி, "பாப்பம்" என்பார். அவருடைய 'பாப்பம்' கடலைப் போன்றது. கரையில் நின்று பார்க்கலாம், அக்கரை தெரியாது.

இந்த வருசம் லோறன்ஸ் தானே ஒரு நிலையை உருவாக்கியிருந்தார். அதுதான் அவருடைய வாழ்நாள் கனவு. வெள்ளை தன் ராணியைக் கொண்டுபோய்ப் பலகையின் ஒரு மூலையில் சும்மா கொடுத்துவிட வேண்டும். கறுப்பு அதை எடுத்தே தீரவேண்டும். எடுத்தால், கறுப்பின் பெரிய காய்களெல்லாம் தங்கள் சிப்பாய்களுக்குப் பின்னாலேயே அடைபட்டுப் போகும். பிறகு வெள்ளை ராசா, மாலையில் காற்று வாங்கப் போகிறவரைப் போல, பலகையின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு ஆறுதலாக நடந்துபோய்க் காரியத்தை முடித்துவிடுவார். புரோகிராம்களுக்கு இந்த நடை விளங்குவதில்லை. ராணியைக் கொடுப்பதா என்று ஒரு கணம் பார்க்கும். பைத்தியக்காரத்தனம் என்று தூக்கி எறிந்துவிடும்.

ஒல்லாந்தில் ஒருவர் இப்படிப்பட்ட நிலைகளைத் தொகுத்து வெளியிடுகிறார். லோறன்ஸ் எழுதியதற்கு அவர் ஆவலோடு பதில் போட்டிருந்தார். ஒரு நிபந்தனைதான். மிகப் பலமான புரோகிராமை ஒரு பிற்பகல் முழுக்க, இடையில் நிற்காமல், கொம்பியூட்டரில் வேறு வேலை எதுவும் நடக்காமல் ஓடவிட்டு, அது தோற்பதைப் பதிவு செய்து அனுப்பவேண்டும். மூன்று மாதத்துக்குள் வரவேண்டும்.

"ஒல்லாந்தன் வந்து எங்கட மன்னார்க் கோட்டையைப் பிடிச்சவன்," என்று லோறன்ஸ் பக்கத்து வீட்டுச் சிங்கராசாவிடம் வேலிக்கு மேலால் சொன்னார். "இப்ப பேசாலையான் போய் அவன்ர கோட்டையைப் பிடிக்கப் போறான்."

"பிடியுங்கோ," என்றார் சிங்கராசா. அவர் பட்டா என்கிற சின்ன லொறி ஓட்டுகிறவர். எதற்கும் மறுப்புச் சொல்லி நேரத்தை வீணாக்காத மனிதர்.

ஆனால் அந்த ஒரு பிற்பகல் கிடைக்கவில்லை. லோறன்ஸ் பரீட்சையைத் தொடங்கிவிட்டுச் சாய்ந்து உட்கார்ந்தால், ஜெஸ்லியா அயன்பெட்டியைச் செருகுவாள். பழைய வயர் ஓடிய வீடு. கறன்ற் போய்விடும். புரோகிராம் செத்துவிடும்.

"ஜெஸ்லி! இப்ப ஏன் அயன் போட்டனீ?"

"சட்டை சுருங்கிக் கிடக்கு."

"பிறகு போடேலாதோ?"

"பிறகு போட்டா பிறகும் சுருங்கிக் கிடக்குமே."

மறு ஞாயிறு அயன்பெட்டி இல்லை. அதற்குப் பதிலாக அவள் வந்து பக்கத்தில் நின்று, "ஒரு நிமிசம்" என்று சொல்லி, அதே கொம்பியூட்டரில் சட்டைக்குக் கழுத்து வெட்டுகிற யூரியூப் ஒன்றைப் போட்டாள். அதைப் பார்த்தாள். பிறகு கை வெட்டுகிறதைப் பார்த்தாள். புரோகிராமின் வேகம் பாதியாக விழுந்தது. கணக்குப் பிழைத்தது. அதற்கடுத்த ஞாயிறு சம்பல் அரைக்கப் புதிதாக மெசின் போட்டாள். அதற்கடுத்த ஞாயிறு, அதற்கடுத்த ஞாயிறு. பரீட்சை தொடங்கினால் ஒன்றில் இருட்டு, இல்லாவிட்டால் யூரியூப்.

கிணற்றடித் தீர்மானம் பிறந்தது இப்படித்தான். அன்று பின்னேரம் அவர் கடற்கரைக்குப் போய் உட்கார்ந்தார். பனைகளுக்கு அப்பால், தீவின் மறுகரையில், காற்றாலைகள் ஒன்றின் பின் ஒன்றாகச் சுற்றிக்கொண்டிருந்தன. தூரத்திலிருந்து பார்க்க அவை யோசித்துக்கொண்டே நடக்கும் உயரமான மனிதர்களைப் போல இருந்தன. அலை வந்து காலைத் தொட்டுவிட்டுப் போனது. போனதும், சட்டென்று, அவர் மூளைக்குள் ஒரு வெளிச்சம்.

ராணியைக் கொடுத்துவிட வேண்டும்!

முருங்கனில் ஜெஸ்லியாவின் தங்கை மெற்றில்டா இருக்கிறாள். ஜெஸ்லியாவை அங்கே அனுப்பிவிட்டால் வீடு அமைதி. அயன் இல்லை. அரைக்கிற மெசின் இல்லை. கழுத்தும் இல்லை, கையும் இல்லை. இவ்வளவு எளிய நகர்வு இத்தனை நாள் கண்ணில் படவில்லையே என்று லோறன்ஸ் சிரித்தார். பக்கத்தில் வலை பொத்திக்கொண்டிருந்தவர் தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார் என்று நினைத்துத் தானும் சிரித்துவைத்தார்.

அவர் வீட்டுக்கு வந்தபோது ஜெஸ்லியா விறாந்தையில் ஊசிக்கு நூல் கோத்துக்கொண்டிருந்தாள்.

"ஜெஸ்லி, நீ நல்லாக் களைச்சுப் போனாய்."

அவள் நிமிரவில்லை. "என்னத்தை உடைச்சனீங்கள்?"

"ஒண்டும் உடைக்கேல்ல."

"அப்ப ஆரைச் சாப்பிட வரச் சொன்னனீங்கள்?"

"ஒருத்தரையும் சொல்லேல்ல. உனக்கு ஒரு ஓய்வு வேணும். மெற்றில்டாவைப் போய்ப் பாத்து எவ்வளவு காலம்!"

"பெருநாளுக்கு அவள் வந்து நிண்டவள்தானே."

"அவள் வந்தவள். நீ போகேல்லயே."

"நான் போனா கோழிக்கு ஆர் தீன் போடுறது?"

"நான்."

"ஆட்டுக்குக் குழை?"

"நான்."

"சோறு?"

"ஆட்டுக்கோ?"

"உங்களுக்கு."

"அதுவும் நான்தான்."

"அரிசி எந்தப் பானைக்க கிடக்கெண்டு தெரியுமோ?"

"தேடிப் பிடிப்பன்."

ஜெஸ்லியா ஊசியைத் துணியில் குத்திவைத்தாள். ஒரு பெருமூச்சு விட்டாள். "வேண்டாமப்பா. போய் நாலு நாள் நிண்டாலும் திரும்பி வரவேண்டியது இந்த விறாந்தைக்குத்தானே. இந்தக் காத்தும் மண்ணும் எண்டு நினைக்க, போறதுக்கே மனம் வரேல்ல."

லோறன்ஸ் கதிரையை முன்னுக்கு இழுத்துப் போட்டார். நகர்வு கைக்குக் கிட்ட வந்துவிட்டது. இன்னும் ஒரு காயைக் கொடுத்தால் போதும். கொடுக்கலாமா? கொடுக்கிறது 'பிறகு' என்ற தேதிக்குத்தானே. பிறகு என்பது எவ்வளவு அகலமான சொல்! அதற்குள் ஒரு சோளகமும் ஒரு வாடையும் அடித்துவிட்டுப் போகலாம்.

"நீ திரும்பி வந்த பிறகு," என்றார், "முன்னறையை எடு."

"பிறகு எண்டா?"

"வந்த பிறகு."

"வந்த உடனயோ?"

"ஓம், ஓம். வந்த உடன."

"இதைச் சிங்கராசாண்ணைக்கு முன்னாலயும் ஒருக்காச் சொல்லுவீங்களோ?"

வேலிக்கு அப்பால் சிங்கராசா வண்டி கழுவிக்கொண்டிருந்தார். லோறன்ஸ் அவருக்கு முன்னாலும் சொன்னார். "நல்ல விசயம்," என்றார் சிங்கராசா, அடுத்த சில்லுக்குத் தண்ணி ஊற்றியபடி.

சனிக்கிழமை காலை ஜெஸ்லியா மன்னார் பஸ்ஸில் ஏறினாள். கையில் ஒரு சின்னப் பை. யன்னலோரம் உட்கார்ந்து, "கோழிக்குத் தண்ணி வைக்க மறக்காதேங்கோ," என்றாள். பஸ் வளைவில் மறையும்வரை லோறன்ஸ் கையை ஆட்டிக்கொண்டே நின்றார். அவ்வளவு அன்பாக அவர் யாரையும் வழியனுப்பியதில்லை.

ஞாயிறு பூசை முடிந்து வீட்டுக்கு வந்தார். கதவைத் திறந்தார். அமைதி. ஒரு வீட்டுக்குள் இவ்வளவு அமைதி கிடந்ததை அவர் இதுநாள்வரை அறிந்ததில்லை. கதிரைகள் கூடத் தங்கள் பாட்டில் ஏதோ நினைத்துக்கொண்டிருந்தன. கோழிக்குத் தீன் போட்டார். ஆட்டுக்குக் குழை கட்டினார். அரிசிப் பானை அகப்படவில்லை. பாணும் வாழைப்பழமும் சாப்பிட்டார். பிறகு முன்னறை யன்னலைத் திறந்து, பலகையில் தன் நிலையை அடுக்கி, புரோகிராமை ஓடவிட்டார்.

வெளியே காற்று, உள்ளே எண்கள். இலட்சம் இலட்சமாகப் புரோகிராம் நகர்வுகளைப் பிரித்துப் பார்த்தது. ராணியைப் பின்னால் எடு என்றது. கோட்டையை நகர்த்து என்றது. திரும்பவும் ராணியைப் பின்னால் எடு என்றது. கொடு என்று ஒருதரமும் சொல்லவில்லை. கடல் மத்தியான வெயிலில் பளபளத்து, மங்கி, திரும்பப் பளபளத்தது. ஒரு படகு நின்ற இடத்திலேயே நின்றது. அது போகிறதா வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கையில் லோறன்ஸின் கண் சொருகியது.

கனவில் கடற்கரை மணல் கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் கட்டமாக இருந்தது. சிப்பாய்கள் வலையை இழுத்துக்கொண்டு போனார்கள். குதிரை நிற்கவேண்டிய கட்டத்தில் ஒரு மன்னார்க் கழுதை நின்றது. "குதிரை எங்கே?" என்று கேட்டார். "முருங்கனுக்குப் போட்டுது, நான் பதிலாள்," என்றது கழுதை. ஒரு மூலையில் வெள்ளை ராணி கையில் சின்னப் பையோடு பஸ்ஸுக்கு நின்றாள். ராசா அவளை நோக்கி நடந்தார். கட்டம் கட்டமாக நடந்தார். நடக்க நடக்க மூலை தள்ளித் தள்ளிப் போனது. ராணி திரும்பிப் பார்க்கவேயில்லை. காற்றில் அவளுடைய வெள்ளைச் சட்டை முழுக்க மண். அதைத் தட்டிவிடவேண்டும் போல ராசாவுக்கு இருந்தது. கை எட்டவில்லை.

விழித்தபோது யன்னலில் உண்மையாகவே ஒரு கழுதை. முற்றத்துக் கறிவேப்பிலையை அடிவரைக்கும் முடித்துவிட்டு, கடைசி இலையை மென்றபடி திரையைக் கருத்தோடு பார்த்துக்கொண்டிருந்தது. லோறன்ஸ் துள்ளி எழுந்து திரையைப் பார்த்தார். கோயிலில் பின்னேரச் செப மணி அடித்தது. பிற்பகல் முடிந்துவிட்டது. புரோகிராம் இன்னமும் சொல்லிக்கொண்டிருந்தது, ராணியைப் பின்னால் எடு.

"கண்டுபிடிக்கேல்ல!" என்று லோறன்ஸ் கழுதையிடம் கத்தினார். கழுதைக்கு அது போதுமான செய்தியாக இருந்திருக்கவேண்டும், போய்விட்டது. வேறு யாரும் இல்லை. அவர் முருங்கனுக்குப் போன் எடுத்தார்.

"ஜெஸ்லி! கண்டுபிடிக்கேல்ல!"

"என்னத்தை? அரிசிப் பானையையோ?"

"இல்லையடி, புரோகிராம்! பின்னேரம் முழுக்க ஓடினது. தோத்துப் போச்சு."

"அப்ப நீங்கள் வெண்டிட்டீங்கள்."

"ஓம்."

"சந்தோசம். சாப்பிட்டனீங்களோ?"

அவள் உண்மையாகவே சந்தோசப்பட்டது குரலில் தெரிந்தது. போனை வைத்த பிறகு வீடு இன்னும் பெரிதாகிவிட்டது. லோறன்ஸ் விறாந்தையில் போய்க் கொஞ்ச நேரம் நின்றார். தையல் மெசினின் மேல் மண் படிந்திருந்தது. சாரத்தின் நுனியால் அதைத் துடைத்தார். துடைத்த கையோடு திரும்பவும் மண் படிந்தது. இத்தனை வருசமும் இதையா அவள் துடைத்துக்கொண்டிருந்தாள் என்று ஒரு நினைவு வந்தது. அந்த நினைவைத் தொடர்ந்தால் அறை போய்விடும். ஆகவே தொடரவில்லை.

பதிவை அனுப்பினார். செவ்வாய்க்கிழமை ஒல்லாந்தில் இருந்து பதில் வந்தது. அங்கேயும் ஓட்டிப் பார்த்தார்களாம். அங்கத்தைய மெசினும் மண்டியிட்டுவிட்டதாம். தொகுப்பில் சேர்க்கிறார்களாம். இதற்கு என்ன பெயர் வைக்கலாம் என்று கேட்டிருந்தார்கள். லோறன்ஸ் நெடுநேரம் கடலைப் பார்த்திருந்துவிட்டு, 'ஜெஸ்லியா' என்று எழுதி அனுப்பினார்.

புதன்கிழமை பின்னேரம் வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது. லோறன்ஸ் எட்டிப் பார்த்தார். சிங்கராசாவின் பட்டா. முன்னால் ஜெஸ்லியாவும் மெற்றில்டாவும். பின்னால், கயிறு போட்டு இறுக்கிக் கட்டி, ஐந்தாறு தையல் மெசின்கள். வண்டிக்குப் பின்னால் கதைத்துச் சிரித்துக்கொண்டு ஊர்ப் பெட்டையள் ஒரு கூட்டம்.

"இதென்ன?"

"மெசின்," என்றாள் ஜெஸ்லியா, இறங்கிக்கொண்டே. "மெற்றில்டா வேலை செய்த தையல் நிலையத்தை மூடிப்போட்டினம். மெசினெல்லாத்தையும் அங்க வேலை செய்த ஆக்களுக்கே குடுத்திட்டினம். நாங்கள் ரெண்டு பேருமாச் சேர்ந்து இஞ்ச வகுப்பு நடத்தப் போறம்."

"எங்க?"

"முன்னறையில."

"அது, ஜெஸ்லி, நாங்கள் ஆறுதலா..."

"வந்த உடன எண்டனீங்கள். வந்திட்டன்."

லோறன்ஸ் சிங்கராசாவைப் பார்த்தார். "என்னட்டையும் சொன்னனீங்கள்தானே அண்ணை," என்றார் சிங்கராசா, கயிற்றை அவிழ்த்தபடி. "ஒருக்காப் பிடியுங்கோ."

லோறன்ஸ் பிடித்தார். ஒவ்வொரு மெசினாகப் பிடித்தார். யன்னலுக்குக் கீழே முதல் மெசின் போனது. பக்கத்தில் இரண்டாவது. கொம்பியூட்டர் மேசை சுவரோரமாக ஒதுங்கி, கதவடிக்கு வந்து, வாசற்படி தாண்டி, விறாந்தையில் போய் நின்றது. ஜெஸ்லியா ஒரு வெள்ளைத் துணியை எடுத்து வந்து அதன் மேல் பக்குவமாகப் போர்த்தினாள். "மண் படாது," என்றாள். ஆள் நல்லவள்தான்.

"அந்த நிலைக்கு உன்ர பேரை வைச்சிருக்கிறன்," என்றார் லோறன்ஸ் மெதுவாக.

"எதுக்கு?"

"எந்த மெசினாலயும் கண்டுபிடிக்கேலாத நிலைக்கு."

ஜெஸ்லியா அவரை ஒரு கணம் பார்த்தாள். முகம் சிவந்தது. "போங்கோ," என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி போட உள்ளே போனாள். அந்த ஒரு 'போங்கோ'வுக்காக இன்னொரு அறையையும் கொடுக்கலாம் என்று லோறன்ஸுக்கு இருந்தது. வீட்டில் இன்னொரு அறை இருந்தால்.

விறாந்தைக் கதிரையில் உட்கார்ந்தார். இங்கிருந்தும் கடல் தெரிந்தது, முருங்கைக் கொப்புகளுக்கு நடுவால் கொஞ்சம் கொஞ்சமாக. உள்ளே மெசின்கள் ஒவ்வொன்றாகக் கடகடக்கத் தொடங்கின. போனால் போகட்டும். ஒரு பிற்பகல் முழுக்க அவருக்குச் சொந்தமாக இருந்தது. அந்தத் திட்டம் மட்டும் முழுக்க முழுக்க அவருடைய மூளையில் பிறந்தது. அதை யாரும் மறுக்க முடியாது.

மெற்றில்டா தேத்தண்ணிக் கோப்பையோடு வந்தாள்.

"உன்ர அக்காவை முருங்கனுக்கு அனுப்பினது என்ர யோசனை தெரியுமோ?" என்றார் லோறன்ஸ்.

"தெரியும் அத்தான். நீங்களா அக்காவைப் போகச் சொல்லிக் கேட்டாத்தானே அவ அறையைப் பேரம் பேசலாம். அதுக்குத்தானே அவ ஞாயிறு ஞாயிறா அயன்பெட்டியைப் போட்டவ."

லோறன்ஸ் கோப்பையை வாங்கிக் கதிரைக் கையில் வைத்தார்.

"நான் எண்டா, அந்த யோசனையை ஒரு கிழமையில கண்டுபிடிச்சிடுவீங்கள் எண்டுதான் சொன்னனான்," என்றாள் மெற்றில்டா. "அக்காதான் சொன்னவ, அந்தாளுக்கு ரெண்டு மாசம் வேணும் எண்டு."